ஒரு பழைய பிக்கப்பும் நாற்பது பக்க நோட்டும்



சென்ற வாரம் மருமகள் ஸ்டேட்டஸில் வைத்த படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் போன் செய்தீர்கள். லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை கரியோடு வண்டிப் பக்கத்தில் நிற்பது நான்தான். "சார், ரிட்டயர்டு ஆனதும் ஒர்க் ஷாப் போட்டுட்டீங்களா?" என்று 1996 செட் மாணவர் ஒருவர் கேட்டார். மதுரையில் இருக்கும் சித்தி மகன், "அண்ணே, அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்க" என்றார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான். பெல் அடித்த பிறகும் பாடம் நடத்தியவன் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அது 2007 மாடல் டீசல் பிக்கப். எந்தக் கம்பெனி என்று சொன்னால் "அது சரியில்லை, இதுதான் நல்லது" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் சொல்லவில்லை. முன்னால் பானெட், பின்னால் இரும்புத் தொட்டி, அடியில் கமான் பட்டை, கம்ப்யூட்டர் சமாச்சாரம் எதுவும் இல்லாத எஞ்சின். என் தம்பி வாங்கியது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி, முருங்கை, பாச்சலூர்ப் பக்கம் மலையிலிருந்து வாழைத்தார், காபி மூட்டை என்று வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தான். 2019-ல் மாரடைப்பில் போய்விட்டான். சொந்தக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது அவன் மகனுக்கு 23 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். வீட்டில் அம்மா, கல்யாணத்துக்கு நிற்கிற தங்கை. கையில் இருந்தது அப்பா விட்டுப்போன வண்டி ஒன்றுதான். அந்த வண்டி ஓடினால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

நான் அதற்கு முந்தைய வருடம்தான் 58 வயதில் ஓய்வு பெற்றிருந்தேன். பென்ஷனில் மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கிறேன் என்றேன். வாங்க மறுத்துவிட்டான். அவன் அப்பனைப் போலவே ரோஷக்காரன். "பணம் வேண்டாம் பெரியப்பா. வண்டி நிக்காம ஓடினாப் போதும்" என்றான்.

அதற்கு அர்த்தம் எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது. வாடகை வண்டி பட்டறையில் ஒரு நாள் நின்றால் ரிப்பேர்ச் செலவு ஒன்று, போகாத வாடகை இன்னொன்று. அதைவிடப் பெரியது மூன்றாவது: இரண்டு தடவை வரவில்லை என்றால் விவசாயி அடுத்த வண்டிக்காரனுக்குப் போன் போட்டுவிடுவார். பறித்த தக்காளி நமக்காகக் காத்திருக்காது. அப்புறம் அந்த வாடிக்கை திரும்ப வருவது கஷ்டம்.

இப்படித்தான் நான் ஸ்பேனரைத் தொட்டேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். பெயரைப் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். 1991 செட் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அப்பா இல்லாத வீடு, எட்டாவதோடு பட்டறைக்குப் போனவர். இன்றைக்குப் பைபாஸ் பக்கம் சொந்தப் பட்டறை, நான்கு பையன்கள் வேலை பார்க்கிறார்கள். "வாரத்துக்கு ஒரு மணி நேரம் எனக்குச் சொல்லிக் கொடு தம்பி" என்று கேட்டேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "நீங்க உக்காருங்க சார், நான் நின்னுக்கிட்டே சொல்றேன்" என்றார். நானும் நின்றுகொண்டுதான் கேட்டேன்.

அவர் சொன்ன முதல் பாடத்தில் ஸ்பேனரே இல்லை. "சார், ராத்திரி வண்டி நிக்கிற எடத்துல எஞ்சினுக்கு நேரா ஒரு அட்டையைப் போடுங்க. காலைல வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி அட்டையைப் பாருங்க."

பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டேன். காலையில் அதில் சொட்டுகள் இருந்தன. கறுப்புச் சொட்டு என்றால் எஞ்சின் ஆயில். பச்சை அல்லது பிங்க், தொட்டால் கொஞ்சம் வழவழப்பு என்றால் ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட். பின்னால் ஆக்சில் பக்கம் கெட்டியாக, நாற்றமாக இருந்தால் கிரவுன் ஆயில். சக்கரத்தின் உள்பக்கம் மெல்லிசாக ஈரம் கசிந்திருந்தால் பிரேக் ஆயில். அன்றைக்கு வண்டியை எடுக்கவே கூடாது. ஒரு சொட்டு இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. நேற்று ஒரு சொட்டு, இன்று நான்கு சொட்டு என்றால் காரணம் தேட வேண்டும்.

அந்த நேற்று-இன்று கணக்குக்காகத்தான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். வருகைப் பதிவேடு போலக் கோடு போட்டேன். தேதி, கிலோமீட்டர், ஆயில் அளவு, தண்ணீர் அளவு, பிரேக் ஆயில் அளவு, சொட்டு, அன்று போன இடம், செய்த வேலை, செலவு. தம்பி மகன் பார்த்துச் சிரித்தான். "பெரியப்பா, வண்டிக்கும் அட்டெண்டன்ஸா?" என்றான். சிரிக்கட்டும். 34 வருடம் அட்டெண்டன்ஸ் எடுத்தவனுக்கு ஒன்று தெரியும். ஒரு பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் ஒன்றும் தெரியாது. தொடர்ந்து நான்கு திங்கட்கிழமை வரவில்லை என்பதைப் பதிவேடுதான் காட்டும். அப்போது வீட்டில் என்னமோ நடக்கிறது என்று போய்ப் பார்க்கலாம்.

இந்த நோட்டு ஒரு தடவை பெரிய செலவிலிருந்து காப்பாற்றியது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. அட்டையில் சொட்டு இல்லை. ஹோஸ் பைப்பில் ஈரம் இல்லை. வழியில் ஒரு பட்டறையில் காட்டியபோது, "ஹெட் கேஸ்கட் போயிருச்சு, எஞ்சினைப் பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். தம்பி மகனுக்கு முகமே செத்துவிட்டது. எஞ்சினைப் பிரித்தால் வாரக் கணக்கில் வண்டி நிற்கும், மாதக் கணக்கில் கடன் நிற்கும்.

நான் நோட்டைப் புரட்டினேன். தண்ணீர் தினமும் குறையவில்லை. மலைக்குப் போன நாட்களில் மட்டும் குறைந்திருந்தது. மார்க்கெட்டுக்குப் போய்வந்த நாட்களில் அளவு அப்படியே இருந்தது. பட்டறை மாணவரிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நான்கு விஷயம் பார்த்தார். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் பால் கலந்த காபி நிறத்தில் நுரை இருக்கிறதா? இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? இல்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் உள்ளே குமிழ் விடாமல் வருகிறதா? அதுவும் இல்லை. கடைசியாக அந்த மூடியையே கையில் எடுத்து அழுத்திப் பார்த்தார். ஸ்பிரிங் செத்துப்போய் இருந்தது, ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது.

ரேடியேட்டர் மூடி என்பது வெறும் மூடி இல்லை என்று எனக்கு அப்போது உறைத்தது. எட்டாம் வகுப்புக்குப் பிரஷர் குக்கரை வைத்து நடத்திய அதே பாடம். சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் கொதிநிலை ஏறும். காற்றழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு சேர்ந்தால் 120 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் செத்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. சமதளத்தில் எஞ்சின் அவ்வளவு சூடாவதில்லை, அதனால் தெரியவில்லை. பாரம் ஏற்றி மலை ஏறும்போது தண்ணீர் கொதித்துப் பக்கத்து டப்பா வழியாக வெளியே போய்விட்டது. வீட்டில் குக்கர் கேஸ்கட் போனால் பருப்பு வேகாது; இங்கே அதே மாதிரி தண்ணீர் நிற்கவில்லை. புது மூடி போட்டோம். செலவு சில நூறு ரூபாய்தான். அதன் பிறகு மலை நாட்களிலும் அளவு மாறவில்லை. எஞ்சின் இன்றுவரை பிரிக்கப்படவில்லை.

சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். கொதிக்கும் குக்கரின் மூடியைத் திறப்பதும் அதுவும் ஒன்று. அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை, ஆற விடுங்கள்.

சில பேர் என்னென்ன வேலை வீட்டில் செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் புகை. வண்டி பேசும் மொழி அது. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்றுக் குறைவு. முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள். எங்கள் ஊர்ச் செம்மண் தூசிக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. குளிர் காலையில் வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வந்து நின்றால் சரி. சூடான பிறகும் வந்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

அடுத்து டீசல் பில்டர். டீசலில் கலந்த தண்ணீர் கீழே தங்கும், ஏனென்றால் தண்ணீர் கனமானது. பில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் நான் அடிக்கடி வடிப்பேன். பில்டரை மாற்றினால் லைனில் காற்றுப் புகுந்துவிடும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதற்கு ஏர் எடுக்க வேண்டும். பில்டர் மேலே இருக்கும் போல்ட்டைத் தளர்த்திக் கைப் பம்பை அமுக்கினால் முதலில் நுரை வரும். நுரை நின்று சுத்தமான டீசல் வரும்போது போல்ட்டை இறுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. தெரியாவிட்டால் நடுரோட்டில் பாதி நாள் போய்விடும்.

கிரீஸ் அடிப்பது என் சனிக்கிழமை வேலை. கமான் பட்டை பின்கள், புரொப்பல்லர் ஷாப்டின் கிராஸ் ஜாயிண்ட் என்று ஒவ்வொரு நிப்பிளாகத் துடைத்துவிட்டுக் கிரீஸ் கன் வைக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுவீர்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி, புதுக் கிரீஸின் நிறம் தெரியும் வரை அடிக்க வேண்டும். அப்போதே கமான் பட்டையில் ஏதாவது இலை விரிந்திருக்கிறதா, யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுவேன். வண்டிக்கு அடியில் போவதற்குக் கிரீஸ் ஒரு சாக்கு. அடியில் போனால்தான் மற்றது கண்ணில் படும்.

பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை ஆப்ப சோடா கலந்த வெந்நீரில் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு வாசலின் தடவுவேன். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வாக நிற்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் வாக்கில் காட்டும். எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்டினால் டைனமோ வேலை செய்கிறது என்று அர்த்தம்.

டயரைக் கையால் தடவிப் பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மெண்ட் போயிருக்கிறது. சக்கர நட்டை வரிசையாக இறுக்காமல் எதிர் எதிராக இறுக்க வேண்டும்.

பட்டறை மாணவர் சொல்லிக்கொடுத்த இன்னொரு வித்தை எனக்கு மிகவும் பிடித்தது. பாரம் இறக்கிவிட்டு வந்ததும் நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோக வேண்டும். தொடக்கூடாது, சுட்டுவிடும். மூன்று ஒரே சூடாக இருந்து ஒன்று மட்டும் அதிகம் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போகப் போகிறது. காய்ச்சல் பார்க்க அம்மாக்கள் பிள்ளைகளின் நெற்றியில் புறங்கை வைப்பார்களே, அதே கைதான்.

கருவி நிறைய வேண்டாம். 8-9 முதல் 18-19 வரை ரிங் ஸ்பேனர் ஒரு செட், ஓப்பன் ஸ்பேனர் ஒரு செட், ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, கிரீஸ் கன், டார்ச் லைட். இறுகிய நட்டுக்கு முதலில் ரிங். ஓப்பன் ஸ்பேனர் நழுவினால் நட்டின் முனை மழுங்கிவிடும். துருப்பிடித்த போல்ட்டில் ஆயில் விட்டுவிட்டு மறுநாள் போங்கள். ஒரு ராத்திரி பொறுத்தால் போல்ட் உடையாது. கழற்றும் போல்ட்டுகளைக் கொட்டாங்குச்சிகளில் தனித்தனியாகப் போட்டு வைப்பேன். ஒரு குச்சிக்கு ஒரு இடத்துப் போல்ட்.

ஒரு விதியை மட்டும் கல்வெட்டாக எழுதிக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உடம்பை உள்ளே விட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு. தாங்குவதற்கு அல்ல.

ஆயில் மாற்றினால் பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். கேனில் பிடித்துப் பட்டறையில் அதற்கென்று இருக்கும் பீப்பாயில் கொடுத்துவிடுங்கள். அந்த வாய்க்கால் தண்ணீரில்தான் நம் தென்னை நிற்கிறது.

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த முக்கியமான சங்கதிக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு முகூர்த்த சீசன். பாச்சலூரிலிருந்து வாழைத்தார் லோடு ஒன்று வந்திருந்தது. நல்ல வாடகை, மூன்று நாள் தொடர்ந்து. முதல் நாள் காலை நோட்டை எழுதும்போது பார்த்தேன். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கியிருந்தது. பத்து நாளில் இரண்டாவது தடவை. சீட்டில் ஏறிப் பெடலை மிதித்தேன். கல் மாதிரி நிற்க வேண்டியது, பஞ்சு மாதிரி அமுங்கியது. "இன்னைக்கு மலைக்குப் போக வேண்டாம்டா" என்றேன்.

"ரெண்டு தடவை பம்ப் பண்ணினாப் பிடிக்குது பெரியப்பா. நேத்துக்கூட வந்தேனே. ஆயில் ஊத்திட்டுப் போயிட்டு வந்து பாத்துக்கலாம்" என்றான். அவன் பேச்சிலும் நியாயம் இருந்தது. தங்கை கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த நேரம். அந்த மூன்று நாள் வாடகையில் மண்டப முன்பணம் கட்டுவதாகக் கணக்குப் போட்டிருந்தான்.

நான் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். லோடு வேறு வண்டிக்குப் போனது. தம்பி மனைவி வாசலில் வந்து நின்று, "மாமா, பொழப்பு போகுதே" என்று மட்டும் சொன்னது. அந்த ஒரு வார்த்தை இன்னமும் காதில் இருக்கிறது.

சாயங்காலம் அவன் வந்தபோது நான் திண்ணையில் இரண்டு சிரிஞ்சும் ஒரு சின்ன ரப்பர்க் குழாயும் வைத்திருந்தேன். உங்களில் பல பேருக்கு அது ஞாபகம் இருக்கும், பாஸ்கல் விதிக்கு நான் காட்டும் சோதனை. குழாயிலும் சிரிஞ்சிலும் தண்ணீர் நிரப்பி ஒரு பக்கம் அமுக்கினேன். மறுபக்கம் உடனே நகர்ந்தது. "இதுதான் பிரேக். காலால் அமுக்கறது அப்படியே சக்கரத்துக்குப் போகுது" என்றேன். பிறகு குழாய்க்குள் வேண்டுமென்றே கொஞ்சம் காற்றை விட்டு, "இப்ப நீ அமுக்கு" என்று அவன் கையில் கொடுத்தேன். இந்தப் பக்கம் உள்ளே போகிறது, அந்தப் பக்கம் அசைய மறுக்கிறது. காற்றுச் சுருங்குகிறது, அவ்வளவுதான்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். பாரத்தோடு மலை இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் சூடு ஏறி, ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். சிரிஞ்சில் நாம் விட்ட காற்று மாதிரியேதான். அப்போது பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. பம்ப் பண்ணினால் பிடிக்கிறது என்பது சமதளத்துப் பேச்சு. பரப்பலாறு அணைக்கு மேலே வளைவில் வாழைத்தார் பாரத்தோடு இறங்கும்போது இரண்டாவது தடவை பம்ப் பண்ண நேரம் கிடைக்காது.

அவன் சிரிஞ்சை இரண்டு மூன்று தடவை அமுக்கிப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் பட்டறை மாணவர் வீட்டுக்கே வந்து பின்பக்க வலது டிரம்மைக் கழற்றினார். உள்ளே வீல் சிலிண்டரின் ரப்பர் கப் கிழிந்து, லைனிங் முழுக்க ஆயிலில் நனைந்திருந்தது. அவர் தம்பி மகனைக் கூப்பிட்டு, "தம்பி, இங்க வந்து பாருங்க" என்றார். அவன் பார்த்தான். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பில் பதில் தெரிந்துவிட்ட பிள்ளையிடம் கேள்வியைத் திருப்பிக் கேட்கக்கூடாது.

ரப்பர் கிட், லைனிங், புது பிரேக் ஆயில் எல்லாம் மாற்றினார். ஏர் எடுக்கும் வேலையை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்தார். அதற்கு இரண்டு பேர் வேண்டும். என் வீட்டுக்காரம்மாதான் டிரைவர் சீட்டில். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்க வேண்டும். நம் வண்டியில் அது பின்பக்க இடது. நான் கீழே படுத்துக்கொண்டு "மிதி" என்பேன். மிதித்துப் "பிடிச்சிருக்கேன்" என்று குரல் வரும். நான் நிப்பிளைத் தளர்த்தி, குமிழோடு ஆயில் வந்ததும் இறுக்கிவிட்டு "விடு" என்பேன். இறுக்குவதற்கு முன்னால் காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். "முப்பத்தெட்டு வருசத்துல இன்னைக்குத்தாங்க நீங்க சொல்லி நான் மிதிக்கறேன்" என்றாள். பட்டறை மாணவர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். நான்கு சக்கரமும் முடிந்து பெடல் கல்லாக நின்றபோது மணி ஒன்று.

மூன்றாம் நாள் தம்பி மகன் வந்து சாவி கேட்டான். கொடுத்தேன். போகும்போது திரும்பி, "எறங்கறப்ப ரெண்டாவது கியர்லயே வர்றேன் பெரியப்பா" என்றான். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, பாரத்தை எஞ்சின் பிடிக்கட்டும், பிரேக் ஓய்வெடுக்கட்டும் என்று அவன் அப்பா சொல்லிக்கொண்டே இருப்பான். அதை அவன் வாயில் கேட்டதும் நான் உள்ளே போய்விட்டேன்.

மண்டப முன்பணம் ஒரு மாதம் தள்ளிப் போனது. கல்யாணம் நல்லபடி நடந்தது. வந்து வாழ்த்தியவர்களுக்கு மறுபடியும் நன்றி.

வீட்டில் செய்யக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங், பிரேக் டிரம்முக்குள் இருக்கும் வேலை, டீசல் பம்ப், எஞ்சின் ஹெட். இந்த நான்கில் நான் கை வைப்பதில்லை. பார்ப்பேன், எழுதுவேன், நோட்டோடு கொண்டுபோய்ப் பட்டறையில் நிறுத்துவேன். தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதும் பராமரிப்பில் சேர்ந்ததுதான். நோட்டோடு போனால் அவருக்கும் பாதி வேலை மிச்சம்.

"எத்தனை வருசம்தான் இதைக் கட்டி அழுவீங்க?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2022 ஏப்ரல் முதல் கட்டணமும் கூடிவிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த பழைய வாகன அழிப்புக் கொள்கையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வண்டியின் வயதை மட்டும் பார்க்காமல், தகுதிச் சோதனையில் தேறுகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. எனக்கு 58 ஆனதும் யாரும் சோதிக்கவில்லை, மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். வண்டிக்காவது பரீட்சை எழுத வாய்ப்பு இருக்கிறது.

ஆனாலும் பாசத்துக்காக வண்டியை வைத்திருக்கக்கூடாது. மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். சேசிஸில் விரிசலோ, சுத்தியலால் தட்டினால் உதிரும் துருவோ இருக்கிறதா? பிரேக், ஸ்டீயரிங் சாமான்கள் நல்லதாகக் கிடைக்கின்றனவா? ஒரு வருடத்தில் வண்டி நின்ற நாட்கள், அதற்கு முந்தைய வருடத்தைவிட ஏறிக்கொண்டே போகிறதா? முதல் கேள்விக்கு ஆமாம் என்றால் அன்றைக்கே விற்றுவிட வேண்டும். மற்ற இரண்டுக்கும் நோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.

போன மாதம் மூன்றாவது கேள்விக்கு நோட்டு பதில் சொல்லிவிட்டது. நின்ற நாட்கள் கூடியிருக்கின்றன. மலை வேலைக்குப் புது வண்டி எடுக்கத் தம்பி மகன் கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறான். நானே போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். பழையது இனி மார்க்கெட்டுக்கும் தோட்டத்துக்கும் சமதளத்தில் மட்டும் ஓடும். அடுத்த எஃப்.சி.யில் தேறினால் இன்னொரு வருடம். தேறாவிட்டால் மரியாதையோடு அனுப்பிவிடுவோம். இத்தனை வருடம் அது ஓடியதால்தான் இன்றைக்கு அவன் முன்பணம் சேர்த்துக் கடன் கேட்கிற நிலைக்கு வந்திருக்கிறான்.

எனக்கும் முழங்கால் முன்னைப் போல் மடங்குவதில்லை. அடியில் படுத்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டியிருக்கிறது. ஆறு மாதமாக அட்டை பார்ப்பதும் நோட்டு எழுதுவதும் தம்பி மகனுக்கு வந்த மருமகள்தான். விடியற்காலை கோலம் போட்ட கையோடு ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்துப் பார்த்துவிடுகிறாள். சென்ற வாரம் அவள் எழுதியதைப் படித்தேன்: "இடது முன் சக்கரம் மற்றதைவிடச் சூடு. மாமாவிடம் சொன்னேன். வண்டி எடுக்க வேண்டாம் என்று அவரிடமும் சொல்லிவிட்டேன்." எழுத்து குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. மூன்றாவது நோட்டு முடியப் போகிறது. நாலாவதை நேற்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். கோடு அவளே போட்டுக்கொள்வாள்.

உங்கள் வீட்டில் பழைய வண்டி எதுவாக இருந்தாலும் சரி, இரண்டு சக்கரமானாலும் சரி, இன்று இரவு அதற்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் என்ன நிறம் என்று எனக்கு எழுதுங்கள். தெரிந்தால் சொல்கிறேன், தெரியாவிட்டால் பட்டறையில் கேட்டுச் சொல்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்